மணியத்தை நீக்கலாமா?

தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே, கடலுக்கு அடியில், ஆழ்குடி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. கனிமம் தோண்டும் கம்பெனி ஒன்று கட்டியது. அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை. ஜெனோவா மச்சாது ஒரு காலையில், கணினி கேட்ட ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று அமுக்கும்வரை.

ஜெனோவாதான் ஆழ்குடியின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசியவள். ஆனால் கடலுக்குள் இறங்கி வேலைக்குச் சேர்ந்த பிறகு என்னவோ ஆகிவிட்டது. கூட்டத்தில் வாயைத் திறந்தால் குரல் லேசாக நடுங்கும். பாதிப் பேச்சில் மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வயது ஏற ஏற தைரியம் குறையும் போலிருக்கிறது என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்று காலை அவளுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. ‘மணியம்’ என்ற பழைய நிர்வாக மென்பொருளை எடுத்துவிட்டு, ‘தலைவாசல்’ என்ற புதியதைப் போட வேண்டும். கரையிலிருந்த தலைமை அலுவலகத்தின் உத்தரவு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் கூடும் கூட்டம் இருந்தது; அதற்குள் முடித்தாக வேண்டும் என்று நிலையத் தலைவர் சந்தானகோபாலன் கறாராகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். அவருடைய குரல் அப்படி. கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த பிறகு ஒரு ரீங்காரம் நிற்குமே, அதுபோல அவர் பேசி முடித்த பிறகும் அறையில் ஏதோ அதிர்ந்துகொண்டிருக்கும்.

ஜெனோவா கட்டளையை அடித்தாள். கணினி மறுத்தது. இன்னொரு விதமாக அடித்தாள். அதற்கும் மறுத்தது.

அந்த நேரத்தில் கையில் காபியோடு உள்ளே வந்தார் இசக்கித்துரை. காற்றுப் பொறியாளர். ஆழ்குடியின் மூச்சு அவர் பொறுப்பில் இருந்தது. நல்ல படிப்பாளி, ஆனால் பூனை நடப்பதுபோலப் பேசுகிறவர். அவர் அறையில் இருப்பதையே பலர் மறந்துவிடுவார்கள்.

“ஏம்மா, ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணைப் போடுததுக்கு இவ்வளவு நேரமா?”

“ரெண்டும் ஒத்துப்போக மாட்டேங்குதுண்ணே. யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் எந்த மோட்டாரை நிறுத்தலாம்னு சொல்லுதது மணியம். தலைவாசலுக்கும் அதே வேலைதான். ரெண்டு பேக்கேஜும் ஒரே ஃபைலை ‘எனக்குத்தான் சொந்தம்’ங்குது. ஒரு சாவிக்கொத்தை ரெண்டு பேர் இடுப்புல சொருக முடியாதுல்லா?”

“அப்ப பழசைத் தூக்கிப் போடு.”

“தூக்குனா, அதை நம்பி இருக்கிறதெல்லாம் கூடவே போகுமாம். இந்தா பாருங்க.” திரையைத் திருப்பிக் காட்டினாள். “துணி துவைக்கிற எந்திரம் யாருக்கு எப்பங்கிற பட்டியல் போகும். சமையல்கட்டுப் பலகை போகும். அப்புறம் குரல்திருத்தி.”

இசக்கித்துரை காபியைக் கீழே வைத்தார். “காத்து?”

“அதைத்தான் மொதல்ல பாத்தேன். காத்து தனி எந்திரம்ணே. அது யாரையும் நம்பி இல்லை.”

“நல்லவேளை. ஆமா, குரல்திருத்திக்கு எதுக்கு மணியம்? ஹீலியத்துல கீச்சுனு வார குரலைக் கொஞ்சம் கீழ இறக்குதது அதோட வேலை. அதுக்கு யார் எந்தக் கதவைத் திறக்கலாம்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

நியாயமான கேள்வி. அவ்வளவு ஆழத்தின் அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் தலைக்கேறி ஆளைக் கிறுகிறுக்க வைத்துவிடும். அதனால் ஆழ்குடியில் ஆக்சிஜனோடு ஹீலியம்தான் கலந்திருந்தது. ஹீலியத்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை, குரல்தான் போய்விடும். மலை மாதிரி ஆளும் வாத்துக்குஞ்சு மாதிரி பேசுவார். அதனால்தான் எல்லார் காதிலும் ஒரு சின்னப் பொறி. அது வெளியோசையை அடைத்துவிட்டு, ஒவ்வொருவர் பேச்சையும் மனிதக் குரலாகத் திருத்தி, பேசியவர் காதிலும் மற்றவர் காதிலும் போடும். திருத்தி ஓடாவிட்டால் வெளியோசையை அப்படியே உள்ளே விடும். தூங்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார்கள்.

“தெரியலையேண்ணே. எழுதுனவங்களுக்கு என்ன அவசரமோ, கைக்குக் கிடைச்சதைச் சேத்துக் கட்டியிருப்பாங்க. எடுத்துட்டு, உடனே மறுபடி போட்டுருவேன். ஒரு நிமிஷம் குரல் இருக்காது, அவ்வளவுதான்.”

திரையில் கேள்வி மினுங்கியது: ‘மணியத்தை நீக்கலாமா?’

ஆம், என்று அமுக்கினாள். மணியம் போய், தலைவாசல் தானாக ஏறிக்கொண்டது.

“போச்சா?” என்று கேட்டார் இசக்கித்துரை.

அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். ஜெனோவாவின் காதில் விழுந்தது, ரப்பர் பொம்மையை யாரோ மிதித்த சத்தம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நரைத்த மீசையும் வழுக்கைத் தலையுமாக நின்ற மனிதர், தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். “என்னண்ணே இது!” என்று சொல்ல நினைத்தாள். அது அவளுக்கே எலிக்குஞ்சு கத்தியதுபோலக் கேட்டது. அவ்வளவுதான். இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பாவது சிரிப்பு மாதிரி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கிளிக்கூண்டில் கல்லெறிந்த மாதிரி இருந்தது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள்.

வெளியே நடைபாதையிலும் அதே கூத்துதான். சமையல்கட்டில் சவேரியாள் ஒரு பையனைத் திட்ட ஆரம்பித்தாள். திட்டு கீச்சுக் கீச்சென்று வரவும், வாங்கிக்கொண்டவன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவளும் கரண்டியை வைத்துவிட்டு, அதே திட்டை மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். தோண்டும் பிரிவில் இரண்டு தடித்த ஆட்கள் ஒருவரையொருவர் ‘சார்’ போட்டுக் கூப்பிட்டு விளையாடினார்கள். குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் பாட்டை நிறுத்தி, பயந்துபோய், பிறகு முழுப் பாட்டையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

லேசான காரியம் என்று நினைத்து, ஜெனோவா குரல்திருத்தியை நிறுவப் போனாள். கணினி சொன்னது: குரல்திருத்திக்கு மணியம் வேண்டும். மணியத்தைப் போடப் போனாள். அது சொன்னது: மணியத்துக்கும் தலைவாசலுக்கும் ஆகாது. தலைவாசலை எடுத்துவிடலாம் என்று பார்த்தால், அதற்குள் எல்லாக் கதவுகளும் அதன் பொறுப்புக்குப் போயிருந்தன. எடுத்தால் ஒரு கதவும் திறக்காது.

“நல்லா மாட்டிக்கிட்டேன்,” என்று கீச்சினாள்.

“என்னது?” என்று கீச்சினார் அவர்.

அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. இந்தக் குரலில் வேகமாகப் பேசினால் ஒரு வார்த்தையும் விளங்காது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எதிராளியின் வாயைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது.

“வழி... இருக்கு. பேக்கேஜைப்... பிரிச்சு... உள்ள மணியத்தைக் கேக்கிற இடத்தை... வெட்டி... மறுபடி கட்டணும்.”

“வெட்டு,” என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்கும் இருவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அவள் பேக்கேஜைப் பிரித்தாள். உள்ளே போகப் போக அவள் முகத்தில் சிரிப்பு வற்றியது. படித்ததையே திரும்பப் படித்தாள். இசக்கித்துரை தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார்.

குரல்திருத்தி, ஒருவர் பேச ஆரம்பித்ததும் முதலில் மணியத்திடம் ஒரு கேள்வி கேட்டது: இவர் பதவி என்ன? மேல்பதவி என்றால் குரலை நிதானமாக்கு, கனமாக்கு, கொஞ்சம் எதிரொலி கொடு. கீழ்ப்பதவி என்றால் சற்று மெலியவிடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கீழே இருப்பவரை அடக்கு. எழுதியவர் பக்கத்தில் காரணமும் குறித்திருந்தார்: ஆபத்து நேரத்தில் உத்தரவு தெளிவாகக் கேட்க வேண்டும். நல்ல எண்ணம்தான். அதன்பிறகு யார் யாரோ வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தார்கள். ஆபத்து நேரம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, எல்லா நேரத்துக்கும் என்று ஆக்கியிருந்தார்கள். ஜெனோவாவின் பதவிக்கு நேரே ‘நடுக்கம்: லேசாக’ என்று இருந்தது.

“எனக்கு?” என்று கேட்டார் இசக்கித்துரை.

அவள் விரலால் காட்டினாள். ‘ஒலி: குறைவு. சொல் முடிவு: தேயட்டும்.’

அவர் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “தொண்டை கெட்டுப்போச்சுன்னு... தினம் சுக்கு தின்னேன்... தாயி. நான் பேச ஆரம்பிச்சா... எல்லாரும் வேற பக்கம் திரும்புவாவ. என் மேல... ஏதோ குறைன்னு நெனச்சேன்.”

ஜெனோவாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து நின்று, கையை ஓங்கி, “இது அநியாயம்!” என்று கத்தினாள். கத்தல், சைக்கிள் டியூபில் காற்று போவதுபோல் வந்தது. இசக்கித்துரை எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, அது கோபமா சிரிப்பா என்று தெரியாமல், இருவரும் நாற்காலியில் சரிந்தார்கள்.

கதவு திறந்தது. சந்தானகோபாலன் நின்றார். சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, கையில் கூட்டத்துக்கான உரை. நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். அந்த மணியோசை வரும் என்று பழக்கத்தில் இருவரும் எழுந்து நின்றார்கள்.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?” என்றது அவர் வாயிலிருந்து ஒரு கோழிக்குஞ்சு.

சிரிக்கக் கூடாது என்று ஜெனோவா உதட்டைக் கடித்தாள். மூக்கு வழியாக வந்துவிட்டது. அவர் முறைத்தார். முறைத்துக்கொண்டே “ஒழுங்கு வேண்டாமா?” என்றார். அதைக் கேட்டதும் அவருக்கே தாங்கவில்லை; உதடு துடித்தது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது.

ஆசுவாசப்படுத்திக்கொண்டு திரும்பியவரிடம் அவள் திரையைக் காட்டினாள். அவர் தன் பதவிக்கு நேரே இருந்ததைப் படித்தார். காதுமடல் சிவந்தது.

“நான் மேலே வீட்டுல இருக்கறப்ப என் குரல் அவ்வளவு கனமா இருக்காது. கடல் எனக்கு ஒத்துக்குதுன்னு நினைச்சேம்மா,” என்றார்.

கூட்ட நேரம் வந்துவிட்டது. தள்ளிப்போடச் சொல்லலாம் என்றால் கரையின் உத்தரவு. ஆழ்குடியினரை மேலே கூட்டிப்போகும் கூண்டு இந்தப் பருவத்தில் வராது. எல்லாரும் இன்னொரு பருவம் கீழேயே இருந்து தோண்டச் சம்மதிக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதுதான் அவர் வேலை. வழக்கமாக அவர் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

சாப்பாட்டுக்கூடத்தில் அவர் ஏறி நின்று, “அன்பார்ந்த தோழர்களே,” என்று ஆரம்பித்தார். கூடம் வெடித்தது. சவேரியாள் பக்கத்திலிருந்தவள் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தாள். “தியாக உணர்வோடு” என்ற இடம் வந்ததும் பின்வரிசையில் ஒருவர் பெஞ்சிலிருந்து விழுந்தார். சந்தானகோபாலன் உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மேடை விளிம்பில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவரும் சிரித்தார். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

சிரிப்பு ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஓய்ந்ததும், “யாருக்காவது... ஏதாவது... கேக்கணுமா?” என்றார்.

பலரும் ஒரே நேரத்தில் கீச்சினார்கள். ஒன்றும் விளங்கவில்லை. யாரோ கையைத் தூக்கி அமர்த்தினார்கள். ஒருவர் பேசினால்தான் விளங்கும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு அவர் உதட்டைப் பார்த்தால்தான் விளங்கும். வேறு வழியே இல்லாமல் கூடம் அமைதியானது. அந்த அமைதியில் இசக்கித்துரை எழுந்து நின்றார். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அப்படித் திரும்பி அவர் கண்டதில்லை; முதல் வார்த்தை வர ஒரு கணம் தடுமாறினார்.

“கிழக்கு வாசல்... ரப்பர் வளையம்... கசியுது. ஹீலியம் வெளிய போயிட்டே இருக்கு. நான் சேமிப்புல இருந்து எடுத்து... நிரப்பிட்டே இருக்கேன். மாத்து வளையம் மேல இருந்துதான் வரணும். இன்னொரு பருவத்துக்கு... சேமிப்பு தாங்காது.”

சொன்ன குரல் வாத்துக்குஞ்சின் குரல்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

“தாங்காதுன்னா?” என்று கேட்டாள் சவேரியாள்.

“மூச்சு இருக்காதும்மா.”

“இதை ஏங்க இத்தனை நாளா சொல்லல?”

“எல்லாக் கூட்டத்துலயும் சொன்னேன். இதே இடத்துல நின்னு சொன்னேன்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலருக்கு மங்கலாக நினைவு வந்தது. ஆமாம், இவர் எழுந்து ஏதோ முணுமுணுப்பார். சாப்பாடு ஆறுகிறதே என்றிருக்கும்.

சந்தானகோபாலன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். “எனக்குக் கேட்டது,” என்றார். “முழுசா இல்லைன்னாலும் கேட்டது. நான் கரைக்குச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அங்கே எனக்கு மேலதிகாரி, அந்த அம்மா தேவசேனா, ‘பார்க்கலாம்’னுட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க. அவங்க குரலைக் கேட்டாலே எனக்குக் கை வேர்க்கும். அவங்களே பெரிசா எடுத்துக்கலை, அப்ப பெரிய விஷயமா இருக்காதுன்னு... விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது.”

ஜெனோவா நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்: “சார், கரைக்குப் பேசுறது எது வழியா?”

“அதே குரல்திருத்திதான்.”

“கரையில என்ன ஓடுது?”

கேட்டு முடிக்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. தலைவாசலை முதலில் கீழே போட்டுச் சோதிக்கச் சொன்னவர்கள், மேலே இன்னும் மணியத்தை வைத்திருந்தார்கள். ஆழ்குடியில் சந்தானகோபாலனுக்கு மேல் யாரும் இல்லை. கரையின் வரிசையில் அவர் கடைசிக்குப் பக்கம்.

“அங்க உங்க பேச்சும் தேஞ்சுதான் போயிருக்கும், சார்,” என்றாள்.

அவர் தன் காதுப்பொறியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “சுக்கு தின்னா சரியாகாது போலிருக்கே,” என்று இசக்கித்துரையைப் பார்த்துச் சொன்னார். ஜெனோவாதான் அந்தக் கதையை வழியில் அவருக்குச் சொல்லியிருந்தாள். கூடத்தில் மறுபடி ஒரு கீச்சொலி கிளம்பியது.

சாப்பாட்டுக்கூடத்திலேயே ஒரு மேசையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஜெனோவா அங்கே உட்கார்ந்து பேக்கேஜை மறுபடி கட்டினாள். பதவியைக் கேட்கும் பகுதியை முழுவதும் வெட்டினாள். மணியம் வேண்டும் என்ற வரியை அழித்தாள். சுற்றி நின்றவர்கள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனையைக் கீச்சினார்கள். கணினி இந்த முறை முரண்டு பிடிக்கவில்லை.

முதலில் பேசியது சவேரியாள். “சோறு ஆறிப்போச்சு,” என்றாள். தடித்த, கரகரப்பான, நல்ல குரல். அது யாருடையது என்று பார்க்க எல்லாரும் திரும்பினார்கள். இசக்கித்துரை ‘அப்படியா’ என்றார், தண்ணீர்த்தொட்டியில் கல் விழுந்ததுபோல. சந்தானகோபாலனின் குரல் மெல்லியது, சற்று மூக்கால் வருவது. தபாலாபீஸில் முகவரி கேட்டால் பொறுமையாகச் சொல்வாரே ஒருவர், அந்த மாதிரி. ஜெனோவா ‘ஹலோ’ என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. மைக்கைத் தள்ளிவைத்த அந்தப் பெண்ணைப் பல வருஷம் கழித்துத் தெருவில் பார்த்ததுபோல் இருந்தது.

“கரைக்குப் போடலாமா?” என்றார் சந்தானகோபாலன். “அங்கே போனதும் மறுபடி தேய்ஞ்சுடுமே?”

“நம்ம பேச்சுல பதவி அடையாளத்தை எடுத்துட்டேன் சார். பதவி தெரியாத குரலை என்ன செய்யணும்னு மணியத்துக்குச் சொல்லித் தரல. அப்படியே விட்டுரும்.”

இணைப்பு கிடைத்தது. “யாரு?” என்றது தேவசேனாவின் குரல். கனமான, அவசரமில்லாத, எல்லாவற்றையும் முன்பே முடிவுசெய்துவிட்ட குரல். கூடத்தில் பாதிப் பேர் தம்மை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“சந்தானகோபாலன் பேசறேன் மேடம். கிழக்கு வாசல் விஷயம்.” சொன்னார். இசக்கித்துரை தொடர்ந்து சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“இதை ஏனுங்க இத்தனை நாளா இப்படித் தெளிவா சொல்லல?” என்றாள் தேவசேனா.

சந்தானகோபாலன் ஜெனோவாவைக் காட்டினார். ஜெனோவா நடந்ததைச் சொன்னாள். நடுக்கம், தேய்தல், எதிரொலி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். மேடத்தின் பதவிக்கு அது என்ன செய்யும் என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டு வேலை போய்விடுமோ என்று நினைத்தாள்.

“கூண்டு கிளம்பச் சொல்லிட்டேன். வளையமும் அதுலயே வருது,” என்றாள் தேவசேனா. “எனக்கு இப்ப டைரக்டர்ங்க மீட்டிங், அதுவும் இதே குரல்திருத்தி வழியாத்தான். செலவு எதுக்குன்னு கேட்பாங்க, நான் காரணம் சொல்லோணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஏம்மா, அந்தப் பேக்கேஜை எனக்கும் அனுப்ப முடியுமா? அங்க நான் பேச ஆரம்பிச்சா எல்லாரும் போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சுருவாங்க.”

“அனுப்பிட்டேன் மேடம். ஆனா அதுக்கு முன்னாடி உங்க மணியத்தை எடுக்கணும். நீக்கலாமான்னு ஒரு கேள்வி கேக்கும்.”

கூடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு விசை ‘டக்’கென்று அமுங்கியது.

“ஆமான்னு அமுக்கிட்டேனுங்க,” என்றாள் தேவசேனா. சளி பிடித்து மூக்கடைத்த, மிகச் சின்ன வயதுப் பெண்ணின் குரல் அது. “கேக்குதுங்களா?”